துட்டிக்கு வந்தவர்

“அரிசி வந்ததா, வரவில்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

“வந்துது.”

“யார் கொண்டுவந்தது?”

“அன்னா, அவுகதான்.”

சாட்சிக் கூண்டில் நின்றபடி ஞானசௌந்தரி கையை நீட்டினாள். முன்பெஞ்சில் லாரி முதலாளி தில்லைநாயகம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி மடிப்புக் கலையாத துண்டு. கதாகாலட்சேபம் கேட்க வந்தவர் போல ஒரு இருப்பு.

“அரிசியோடு ஒரு கவரும் வந்தது?”

“வந்துது.”

“வாங்கிக்கொண்டீர்கள்?”

“என் கொழுந்தன் கிளமென்ட் வாங்குனான்.”

“உங்கள் வீட்டில் வைத்துத்தானே வாங்கினார்? வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களா?”

“துட்டி வீட்டுக்கு வந்தத வேண்டாம்னு எப்படிய்யா சொல்லுவாக? எழவு வீட்டு வாசலுக்கு வந்த அரிசியத் திருப்பி அனுப்புனா, அது ஆகுமா?”

“சொன்னீர்களா, இல்லையா?”

“சொல்லல.”

கேட்டவர் ஸ்ரீவத்ஸன், தில்லைநாயகம் சென்னையிலிருந்து வரவழைத்த வக்கீல். அவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தட்டச்சருக்குச் சொன்னார்: “எதிர்மனுதாரர் கொடுத்த அரிசியையும் கவரையும் நாங்கள் மறுக்கவில்லை.” தட்டச்சு இயந்திரம் தடதடவென்று அதை அடித்து முடித்தது. தான் சொன்னது வேறு, அங்கே ஏறியது வேறு என்று சௌந்தரிக்குத் தோன்றியது. ஆனால் எந்த இடத்தில் வேறு என்று அவளால் பிடிக்க முடியவில்லை.

“கவரில் எவ்வளவு இருந்தது?”

“தெரியாது. நான் எண்ணல.”

“முப்பதாயிரம் ரூபாயை எண்ணாமலா வாங்கினீர்கள்?”

“ஏது முப்பதாயிரம்? கிளமென்ட் அந்தக் கவர அப்படியே பொட்டி செஞ்சவன் கையில கொடுத்தான். அதுவும் பத்தாம, அவன் கையில கெடந்த வாட்ச்சக் கழத்தி வித்தான்.”

“எந்தப் பெட்டி?”

“என் புருஷனப் படுக்க வச்ச பொட்டி.”

நீதிபதியின் பேனா ஒரு கணம் நின்றது. ஸ்ரீவத்ஸன் காகிதத்தைப் புரட்டினார்.

“அந்த கிளமென்ட் எங்கே? சாட்சி சொல்ல வந்திருக்கிறாரா?”

“தூத்துக்குடியில தோணி ஏறிட்டான். மழைக்காலம் முடிஞ்சாத்தான் வருவான்.”

“வசதியாகப் போய்விட்டது. சரி, அந்த அரிசியைப் பொங்கினீர்களா?”

“பொங்குனோம். வந்தவுகளுக்குப் போட்டோம்.”

“நீங்கள் சாப்பிட்டீர்களா?”

சௌந்தரி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். “மூணாம் நாளு எம்மவ ஒரு வாய் ஊட்டுனா.”

“ஆக, அரிசி சாப்பிட்டாயிற்று, பணம் செலவாயிற்று. எல்லாம் பேசி முடித்து, இனி வழக்குக்குப் போகமாட்டேன் என்று உங்கள் வாயால் சொன்ன பிறகுதான் தில்லைநாயகம் எழுந்து போனார். பிறகு யாரோ சொல்லிக்கொடுத்து, இன்னொரு முறை கேட்க வந்திருக்கிறீர்கள். சரிதானே?”

“ஏன்யா, எம்புருஷன வித்துட்டேன்னா சொல்லுதீக?”

“அம்மா, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்” என்றார் நீதிபதி.

“அதுதானய்யா கேள்வி! வேற என்ன கேக்காரு?”

*

தொம்மை கடற்கரைக்காரன். அப்பனுக்கு இருந்த வள்ளம் கடனில் போன பிறகு குடும்பத்தோடு வண்ணார்பேட்டைக்கு வந்து, சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்றவன். தெருத்தெருவாகச் சுற்றிச் சீவலப்பேரி வரை போவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சீவலப்பேரி சாலையில் டவுன் பஸ்ஸை முந்தி வந்த மணல் லாரி, எதிரே ஓரமாக வந்தவனைச் சைக்கிளோடு சேர்த்து வயலுக்குள் வீசிவிட்டுத்தான் நின்றது.

தப்பு யாருடையது என்பதில் சண்டையே இல்லை. டிரைவர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டான். ஆனால் லாரிக்கு இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள் என்பது வழக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி கழன்றுகொண்டது. நஷ்டஈடு முழுவதையும் முதலாளியே தரவேண்டும் என்று ஆனதும் முதலாளிக்குப் புதிதாக ஒரு ஞாபகம் வந்தது. துட்டி வீட்டிலேயே பேசி முடித்தாயிற்று, முப்பதாயிரம் கொடுத்தாயிற்று, அந்தப் பெண்பிள்ளையும் சரி என்றுவிட்டது.

கோர்ட்டில் எழுதிக் கொடுத்த பொய் கோர்ட்டோடு நிற்கவில்லை. குழாயடிக்கு வந்தது, ரேஷன் கடைக்கு வந்தது. “புருஷனுக்கு வெல வாங்கித் தின்னுட்டு, மறுவெல கேக்காளாம்” என்று வந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சௌந்தரியின் மகள் ஜாய்சியிடம், “ஏட்டி, ஒங்கப்பாவ எவ்வளவுக்குப் போட்டீங்க?” என்று கேட்டிருந்தாள், மீன் விலை கேட்பதுபோல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையை மூலையில் போட்ட பிள்ளை பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

*

மதியம் கோர்ட்டு வளாகத்துச் சுவரோரம் சௌந்தரி உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு யூனிஸ் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள்.

“தின்னு ளா. நீ தின்னாட்டா அந்த மெட்ராஸ் வக்கீலுக்கா வலிக்கப் போவுது?”

“எனக்கு எறங்காது யூனிஸ்.”

“எறங்கும். அவன் மூஞ்சிய நெனச்சுக் கடி.”

சௌந்தரியின் வக்கீல் பார்கவி வந்தாள். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கறுப்பு கவுனை மடித்துக் கையில் போட்டிருந்தாள். சுவரோரத்துக் கல்லில் அவளும் உட்கார்ந்தாள்.

“கோவப்படாதேங்கோம்மா. உள்ளதைத்தானே சொன்னேள்.”

“உள்ளதச் சொன்னதுக்குத்தான் இந்தப் பாடு! வந்துதான்னு கேட்டா வந்துதுன்னுதான் சொல்லணும். வாங்குனியான்னு கேட்டா வாங்குனேன்னுதான் சொல்லணும். ஏன் வாங்குனேன்னு சொல்லப் போனா, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்காக. இது என்ன நியாயம் வக்கீலம்மா? லாரிய ஏத்துனது அவுக. கூண்டுல ஏறி நிக்கது நானா?”

“நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா பேச்சே நடக்கலைன்னு நீங்க சொன்னா அது உங்க வாக்கு. பேச்சு நடந்துதுன்னு அவர் சொன்னா அது அவர் வாக்கு. அங்க இருந்த மத்தவாளைக் கூப்பிட்டா, அவர் தயவு வேணும்னு ஒருத்தரும் வரமாட்டேங்கறா. அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்கோ பாப்போம். அவர் வந்தார். அப்புறம்?”

“வந்தாக. செருப்ப அங்கன கழத்திப் போட்டுட்டு பைய வந்து, பந்தல்ல முதல் பெஞ்சுல இருந்தாக.”

“நீங்க?”

“நான் உள்ள கெடந்தேன். கதவு தொறந்துதான் இருந்துது. யாரும் வாங்கன்னு சொல்லல. துட்டி வீட்டுல யாரு சொல்லுவா? துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சாக. எனக்கு அப்பம் மனசு எளகிட்டு வக்கீலம்மா, அதான் பாருங்க. லாரிக்காரன் மூஞ்சியக் காட்டமாட்டான்னு எல்லாரும் சொன்னாங்க, இந்த மனுஷன் வந்துட்டாரேன்னு நெனச்சேன். நல்ல மனுஷன்னு நெனச்சேன்!” சௌந்தரி தன் நெற்றியில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

“பேச்சு?”

“என்ன பேச்சு? கவர கிளமென்ட் கையில வச்சாக. வேன்காரன் மூட்டய எறக்குனான். செத்த நேரம் இருந்தாக, எந்திரிச்சாக, போனாக. சும்மா சொல்லக் கூடாது, மொறையாத்தான் போனாக. ஒரு வார்த்த சொல்லிக்கல.”

“அதுல அண்ணாச்சி கெட்டி” என்றாள் யூனிஸ். “ஊருக்குள்ள யாரு செத்தாலும் முதல் பெஞ்சுல அவரு துண்டு கெடக்கும். இப்பம் கவுன்சிலருக்கு வேற நிக்கப் போறாராம், ஒரு எழவு விடுதது இல்ல. எங்க மாமியா செத்தப்பம் வெளியூர்க்கார மருமவன் ஒருத்தன், வெவரம் இல்லாம, ‘அப்ப நான் போயிட்டு வாரேன்’ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டான். துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னா, இன்னொரு துட்டிக்கு வாரேன்னுதான அர்த்தம்? மறுவருஷமே வந்தாம்லா, மாமனாரு சாவுக்கு! இன்னிக்கு வரைக்கும் அவனுக்கு அந்த வீட்டுல காப்பித்தண்ணி கெடையாது.”

சௌந்தரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பார்கவி சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

“மத்தியானம் அவர் கூண்டேறுவார்” என்றாள் கடைசியில். “நான் என்ன கேட்டாலும் நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கப்படாது. கேட்டது தப்புன்னு தோணினாலும் சரி.”

*

தில்லைநாயகம் கூண்டேறும்போது அறை நிரம்பிவிட்டது. அவருடைய வார்டுக்காரர்கள் வாசல்வரை நின்றார்கள். அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு, நீதிபதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சத்தியம் செய்தார்.

ஸ்ரீவத்ஸன் கேட்கக் கேட்க, அவர் பழகிய பாட்டுப்போல ஒப்பித்தார். துக்கம் விசாரிக்கப் போனேன். பெரியவர்கள் நாலு பேர் முன்னால் பேசினோம். முப்பதாயிரம் கொடுத்தேன். இத்தோடு முடிந்தது என்றேன். அந்த அம்மாவும் சரி என்றது.

‘சரின்னுச்சாமே! அன்னைக்கு எனக்குத் தண்ணி கேக்கவே நாக்கு எழும்பல’ என்று சௌந்தரிக்கு நெஞ்சு கொதித்தது. யூனிஸ் அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

பார்கவி எழுந்தாள்.

“அண்ணாச்சி, நீங்களே அந்த வீட்டுக்குப் போனீங்க. யாரும் கூப்பிடலை.”

“துட்டிக்கு யாரும்மா கூப்பிடுவா? கேள்விப்பட்டதும் நாமளாத்தான் போணும். என் வண்டியில அடிபட்டவன் வீட்டுக்கு நான் போகாட்டா நான் என்ன மனுஷன்?”

“ஊர்ல எல்லாத் துட்டிக்கும் போவீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“ஒண்ணு விட்டது கெடையாது.” அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே ரெண்டு தலை ஆடியது.

“உள்ளே வந்ததும் யாராவது வாங்கன்னு சொன்னாங்களா?”

“சொல்லமாட்டாங்க. சொல்லவும் கூடாது.”

“சரி. பேசி முடிச்சீங்க, பெரிய தொகை கொடுத்தீங்க. ஒரு காரியம் முடிஞ்சா மனுஷங்க சொல்லிக்கிட்டுக் கிளம்பறது வழக்கம். நீங்களும் எழுந்து நின்னு, ‘அப்ப சரி, இத்தோட முடிஞ்சுது, நான் போயிட்டு வாரேன்’னு சொல்லிட்டுத்தான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பினீங்க. அப்படித்தானே?”

சௌந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லாமல் போனார் என்றுதானே இவளிடம் சொன்னேன்? இவளே எடுத்துக் கொடுக்கிறாளே! எழுந்திருக்கப் போனவளை யூனிஸ் இழுத்து உட்கார வைத்தாள். வாசலில் நின்றவர்களிடையே ஒரு சலசலப்பு. யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியது கேட்டது.

தில்லைநாயகத்தின் முகம் சிவந்தது.

“யம்மா! என்ன பேச்சு பேசுதீங்க? துட்டி வீட்டுல எவனாவது போயிட்டு வாரேன்னு சொல்லுவானா?”

“நீங்க சொன்னீங்க என்கிறேன்.”

“நானா? யாரு சொன்னா? எவன் சொன்னாலும் இங்கன வந்து என் மொகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க! எங்கப்பா எங்கள அப்படி வளக்கல. நான் பாத்த துட்டி எத்தன, எனக்கு மொறை தெரியாதா?”

“தொகை கொடுத்தப்புறம், முடிஞ்சுதுன்னு நாலு வார்த்தையாவது பேசியிருப்பீங்களே. பேசிட்டு, சொல்லிட்டு...”

“ஒரு வார்த்த பேசல!” அவர் கூண்டின் கட்டையில் அடித்தார். “போனேன், இருந்தேன், எந்திரிச்சேன், திரும்பிப் பாக்காம வந்தேன். துட்டி வீட்டுல அப்படித்தான் இருக்கணும். இருந்த நேரம் பூரா நான் வாயே தெறக்கல. வேணும்னா அந்தத் தெருவுல போய்க் கேளுங்க. கொறை சொல்ல ஒருத்தன் இருந்தான்னா நான் வேட்டியக் கழத்திட்டுப் போறேன்!”

பார்கவி அடுத்த கேள்வி கேட்கவில்லை. நீதிபதியைப் பார்த்து நின்றாள்.

ஸ்ரீவத்ஸன் காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கினார். துட்டி வீட்டு முறை பற்றிய பேச்சு எதற்கு என்று அதுவரை அவர் காதில் வாங்கியிருக்கவில்லை போலும். “மாண்புமிகு நீதிபதி அவர்களே...” என்று எழுந்தார்.

“இருங்கள்” என்றார் நீதிபதி. தட்டச்சர் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “துக்க வீட்டில் இருந்த நேரம் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.”

இயந்திரம் தடதடத்தது. காலையில் சௌந்தரியின் சொல்லை எப்படி ஏற்றியதோ அதே சத்தத்தில் இதையும் ஏற்றியது.

“ஐயா, நான் மொறையச் சொன்னேன்” என்றார் தில்லைநாயகம். குரல் இறங்கியிருந்தது.

“நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது.”

ஸ்ரீவத்ஸன் மறுவிசாரணைக்கு அனுமதி கேட்டார். கிடைத்தது. கூண்டுக்கு அருகே போய் நின்றுகொண்டார்.

“வாய் திறக்கவில்லை என்றால், விடைபெறும்போது மட்டும் பேசவில்லை என்றுதானே பொருள்? அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து பணத்தைப் பற்றிப் பேசினீர்கள். அப்படித்தானே?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தில்லைநாயகம் வாயைத் திறந்தார். பார்வை வாசலுக்குப் போனது. வார்டுக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டை எடுத்து முன்பெஞ்சில் போடுகிற அண்ணாச்சி, கண்ணீரின் ஈரம் காயாத வீட்டில் உட்கார்ந்து பிணத்துக்கு விலை பேசினாரா என்று அவர்களும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்கள்” என்றார் ஸ்ரீவத்ஸன்.

“துட்டி வீட்டுல ஒக்காந்து வெல பேசுததுக்கு நான் என்ன...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேசினீர்களா?” இப்போது கேட்டவர் நீதிபதி.

“இல்லைய்யா.”

“கவரில் இருந்தது?”

“துட்டிக்குக் கொடுக்குததுதான்யா. எல்லாருக்கும் கொடுக்குத மாதிரி.”

ஸ்ரீவத்ஸன் தன் இடத்துக்குத் திரும்பிப் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சமரசம் ஏற்பட்டது என்ற வாதத்தை நாங்கள் வலியுறுத்தவில்லை” என்றார். நஷ்டஈடு எவ்வளவு என்ற வாதத்துக்கு வேறொரு நாள் குறித்தார்கள்.

*

வெளியே வந்ததும் சௌந்தரி பார்கவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்கள உள்ள வச்சே வஞ்சுட்டேன் வக்கீலம்மா. மனசுக்குள்ளதான். ஆனா நல்லா வஞ்சேன்.”

“உங்க மூஞ்சியே சொல்லித்து” என்றாள் பார்கவி. “இன்னும் முடியலைம்மா. மீன் வித்தவருக்கு என்ன வருமானம், ரசீது இருக்கான்னு அடுத்த தடவை குடைவா.”

“குடையட்டும். பணத்தக் கொறச்சாலும் கொறைக்கட்டும். நான் வித்தேன்னு ஒருத்தன் வாயாலயும் வரக் கூடாது. அதுக்குத்தான் இங்கன வந்தேன்.”

“குறைக்க விடமாட்டேன். அது அவர் போடற பிச்சை இல்லை, உங்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை” என்று சொல்லிவிட்டுப் பார்கவி அடுத்த வழக்குக்கு ஓடினாள்.

கேட்டருகே கார் நின்றது. தில்லைநாயகம் தலையைக் குனிந்தபடி வந்தார். பின்னால் வந்த வார்டுக்காரர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டே வந்தார்கள். சௌந்தரியைக் கடக்கும்போது அவர் நடையை எட்டிப் போட்டார்.

“அண்ணாச்சி!”

அவர் நின்றார். திரும்பவில்லை.

சௌந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குரல் தெருவரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

“அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தீக, நான் வாங்கன்னு சொல்லல, போங்கன்னு சொல்லல. ஒங்க அரிசியப் பொங்கி ஒங்க பேரச் சொல்லித்தான் போட்டோம். பெரிய மனுஷன் வந்தாருன்னு ஊரு பூரா சொன்னேன். அந்த அரிசிக்கா எம்புருஷன வெல பேசுனீக? எம்பிள்ள பள்ளிக்கூடம் போகல அண்ணாச்சி. ஒங்க அப்பன எவ்வளவுக்குப் போட்டீகன்னு கேக்காளுவ. அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. இது கோர்ட்டு, துட்டி வீடு இல்ல. இங்கன வாயத் தெறக்கலாம், தப்பில்ல.”

வார்டுக்காரர்கள் அசையவில்லை. தில்லைநாயகத்தின் தோளிலிருந்த துண்டு நழுவியது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, காருக்குள் குனிந்து ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

“பாத்தியா ளா?” என்றாள் யூனிஸ். “இப்பவும் சொல்லாமத்தான் போறாரு.”

“போகட்டும். சொல்ல வேண்டியத உள்ள சொல்லிட்டாருல்லா. அன்னா நிக்காங்கள்லா ஒம்பது பேரு, அவங்க வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுவாங்க.” சௌந்தரி தூக்குச்சட்டியை வாங்கித் திறந்தாள். “இதுல மிச்சம் இருக்கா? பசிக்கி.”